கோடை முகாமுக்கு உதவித்தொகை: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கல் கழிந்து இரண்டு வாரம் ஆனதும் போன் வரத் தொடங்கிவிடும். "எனக்கில்ல டீச்சர், தெரிஞ்ச ஒரு வீட்டுக்காகக் கேக்கேன்" என்று ஆரம்பிப்பார்கள். பேச்சு பாதி போகும்போது அது சொந்தப் பிள்ளைதான் என்று தெரிந்துவிடும். நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. நேரில் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் தனியாக இருந்து படித்துக்கொள்ளட்டும் என்று வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. என்னோடு இன்னும் சில ஆசிரியர்கள், ஒரு செவிலியர், ஒரு ஆட்டோ ஓட்டுநர். எங்கள் குழு என்பது இவ்வளவுதான்.

முகாம் நடத்துவது நீங்களா?

இல்லை. பள்ளி ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மாவட்டத்தில் பல இடங்களில் நீச்சல், சிலம்பம், ஓவியம், நாடகம், அறிவியல், இயற்கை நடை என்று முகாம்கள் தொடங்கும். அவற்றில் கட்டணம் வாங்குகிற முகாம்களில், கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இடம் பேசி வைப்பதும் அதற்கான செலவை ஏற்பதும் எங்கள் வேலை. 4-ஆம் வகுப்பு முதல் 9-ஆம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளை அனுப்புகிறோம்.

இலவசமாகவே நிறைய முகாம் நடக்கிறதே, அப்புறம் எதற்கு உதவித்தொகை?

நடக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள் என்று நானே சொல்லி அனுப்புவேன். விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஒவ்வொரு கோடையிலும் மாவட்டந்தோறும் பயிற்சி முகாம் நடத்துகிறது. நமக்கு நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கம். இலவசம் இல்லாத ஆண்டிலும் கட்டணம் சிறிதாகத்தான் இருக்கும். ஜவகர் சிறுவர் மன்றத்தில் பாட்டு, பரதம், ஓவியம் கற்றுக்கொடுக்கிறார்கள். நூலகங்களிலும் கோடையில் ஏதாவது நடக்கும். சபைகளில் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, கோயில்களில் சமய வகுப்பு என்று நம் மாவட்டத்தில் மே மாதம் எந்த ஊருக்குப் போனாலும் பிள்ளைகள் பாடுகிற சத்தம் கேட்கும்.

சிக்கல் தூரம். பேச்சிப்பாறைக்கு மேலே காணிக் குடியிருப்பில் இருக்கிற பிள்ளை காலை 6 மணிக்கு அண்ணா விளையாட்டரங்கத்தில் நிற்க வேண்டுமென்றால் முந்தின நாளே மலை இறங்க வேண்டும். கேரள எல்லையை ஒட்டியிருக்கும் நீரோடியிலிருந்து வருகிற பிள்ளைக்கும் ஏறக்குறைய அதே கதைதான். முகாம் இலவசம், ஆனால் அங்கே போய்ச் சேருவது இலவசமில்லை. இன்னொன்றும் உண்டு. இலவசமாகக் கிடைப்பதை வைத்துத்தான் ஏழை வீட்டுப் பிள்ளை ஆசைப்பட வேண்டும் என்று யார் சொன்னது? ஓவியம் வரைகிற பிள்ளைக்கு அருகில் கபடி முகாம் இலவசமாக இருக்கிறது என்பதற்காக அவளைக் கபடிக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

யாருக்கெல்லாம் கிடைக்கும்? வருமான வரம்பு எவ்வளவு?

வரம்பு என்று ஒரு தொகை வைத்துப் பார்த்தோம், சரிவரவில்லை. நம் மாவட்டத்தில் கஷ்டம் மாதச் சம்பளக் கணக்கில் வருவதில்லை, பருவம் பார்த்து வருகிறது.

ரப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். கீரிப்பாறை, மணலோடை பக்கம் பால் வெட்டுக்குப் போகிற வீடுகளில் விடியும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விடுவார்கள். மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கிற பிப்ரவரி, மார்ச்சில் வெட்டு நிற்கும். வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. அந்த இரண்டு மாதக் கடனோடு ஏப்ரலுக்குள் நுழைகிறவர்களிடம்தான் முகாம் நோட்டீஸ் போய்ச் சேர்கிறது.

கடற்கரையில் வேறு மாதிரி. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம். கிழக்கே சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகக் கூடாது. மேற்கே குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டத்து வீட்டில் முகாம் நடக்கிற நேரத்தில் வருமானமே இருக்காது. குளச்சல் வீட்டில் மே மாதம் காசு ஓடும். ஆனால் அந்தக் காசு ஜூனுக்கும் ஜூலைக்கும் ஒதுக்கி வைத்த காசு. நடுவில் பள்ளிக்கூடம் திறந்துவிடும், நோட்டும் பையும் செருப்பும் வாங்க வேண்டும். மே மாதம் ஒரு மீனவரைப் பார்த்து "இப்ப தொழில் நல்லாத்தானே போகுது" என்று சொல்கிறவருக்கு இந்தக் கணக்கு தெரியாது.

அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையில் பருப்பு உரிக்கப் போகிற அம்மாக்கள், செங்கல் சூளை, கொத்தனாருக்குக் கையாள், தோவாளையில் பூக்கட்டுகிற வீடுகள், அப்பா இல்லாத வீடு, அப்பா இருந்தும் குடியால் இல்லாதது போன்ற வீடு என்று வரிசை நீளும். எங்களிடம் இருக்கிற பணத்துக்கு எல்லாரையும் அனுப்ப முடியாது. இதுவரை வீட்டை விட்டு எங்கும் போகாத பிள்ளைக்கு முதலிடம்.

வருமானச் சான்றிதழ் கொண்டு வர வேண்டுமா?

வேண்டாம். இ-சேவை மையத்தில் 60 ரூபாய், விஏஓவைப் பார்க்க ஒரு நடை, அது இதென்று இன்னொரு நடை. இரண்டு நாள் கூலியை இழந்து வாங்கி வரும் காகிதத்தில் நாங்கள் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றும் இருக்காது. ரேஷன் கார்டைக் காட்டுங்கள். வகுப்பாசிரியரோ, அங்கன்வாடி டீச்சரோ, கிராம சுகாதார செவிலியரோ, மகளிர் குழுத் தலைவியோ ஒருவர் உங்களைத் தெரியும் என்று சொன்னால் போதும்.

இப்படிக் கேட்டதும் நன்கொடையாளர்கள் சிலர் "வசதியுள்ளவர்கள் ஏமாற்றி வாங்கிவிட மாட்டார்களா?" என்பார்கள். ஒருவர் இருவர் வாங்கியிருப்பார்கள். எங்களை வாட்டுவது எதிர்ப்பக்கம்தான். விண்ணப்பம் என்று ஒன்று வைத்தால், நாலு வார்த்தை எழுதத் தெரிந்தவர்களும் நாலு பேரைத் தெரிந்தவர்களும்தான் முதலில் வருவார்கள். உண்மையிலேயே தேவைப்படுகிற வீட்டுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. அதனால் பாதி இடங்களுக்கு விண்ணப்பமே வாங்குவதில்லை. ஆசிரியர்களையும் செவிலியர்களையும் கேட்டு நாங்களே வீடு தேடிப் போகிறோம்.

கட்டணத்தைத் தவிர வேறு என்ன கொடுப்பீர்கள்?

இந்தக் கேள்வியை நாங்களே எங்களைக் கேட்டுக்கொள்ள ஒரு கோடை வீணானது. முதல் தடவை கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்தோம். பெயர் கொடுத்த பிள்ளைகளில் பலர் வரவில்லை. என்னவென்று ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது, கட்டணம் எங்கள் கண்ணுக்குத்தான் பெரிய செலவு.

ஐந்து நாள் பகல் முகாமுக்கு 1,500 ரூபாய் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். தினமும் பஸ் இருக்கிறது. அதில் ஒரு வேடிக்கை: சாதாரண டவுன் பஸ்சில் அம்மாவுக்கும் மகளுக்கும் டிக்கெட் இல்லை, கூட வருகிற மகனுக்கு உண்டு. பள்ளிக்கூட பஸ் பாஸ் லீவு நாளில் உதவாது. நீச்சல் முகாம் என்றால் அதற்கான உடை, சிலம்பம் என்றால் கம்பு. தண்ணீர் பாட்டில், தொப்பி. பிள்ளையைக் கொண்டுவிட்டுக் கூட்டி வருகிறவருக்கு அரை நாள் கூலி போகும். எல்லாவற்றையும் கூட்டினால் கட்டணத்தைத் தாண்டிவிடும்.

தங்கும் முகாம் என்றால் பை வேண்டும். மலையோரத்தில் ஒரு வீட்டில் எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும்போது அந்த அம்மா வாசல்வரை வந்து, "துணியெல்லாம் எதுல வச்சு அனுப்பணும்?" என்று மெதுவாகக் கேட்டார். வீட்டில் இருந்தது ஜவுளிக்கடைக் கவர். அந்தப் பிள்ளை அன்று முழுக்க எங்களிடம் பேசாமல் சுவரோரமாக நின்றதற்குக் காரணம் அதுதான் போல. இப்போது பையை முகாமுக்கு இரண்டு வாரம் முன்பே வீட்டில் கொடுத்துவிடுகிறோம். ஒரு தடவை கடைக்கும் பாட்டி வீட்டுக்கும் போய்வந்தால் பை புதுப்பை போலத் தெரியாது. எல்லாப் பையும் ஒரே நிறத்தில் இருக்கக் கூடாது என்பதிலும் கவனமாக இருக்கிறோம்.

பெரிய பிள்ளைதான் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் போய்விட்டால் நான் வேலைக்குப் போக முடியாதே?

விடுமுறையில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைகள் வீட்டில் செய்கிற வேலையை யாரும் வேலை என்று சொல்வதில்லை. தம்பிக்குக் கஞ்சி கொடுப்பது, தண்ணீர் பிடிப்பது, ஆட்டை அவிழ்த்துக் கட்டுவது எல்லாம் அவள் தலையில்தான். மே மாதம் அங்கன்வாடிக்கும் சில நாள் விடுமுறை வரும். இந்த வீடுகளில் "பணம் தருகிறோம், அனுப்புங்கள்" என்றால் அம்மா என்ன செய்வார்?

இரண்டு வழி வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டில் அம்மாவுக்கு நம்பிக்கையான ஒரு அக்காவோ மாமியோ இருந்தால், அந்த ஐந்து நாள் சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவருக்கு ஒரு தொகை கொடுக்கிறோம். சின்னவனுக்கு ஏழெட்டு வயது என்றால், பகல் முகாம் நடத்துகிறவரிடம் பேசி அவனையும் ஒரு மூலையில் உட்கார வைக்கக் கேட்கிறோம். மூலையில் உட்காரத்தான் கேட்டோம். சில இடங்களில் இரண்டாம் நாளே அவன் நடுவில் நிற்பான்.

கூலி இழப்புக்கு நேரடியாகப் பணம் கொடுப்பதில்லை. கொடுக்கலாமா என்று குழுவில் ஆண்டுதோறும் சண்டை வருகிறது. நான் கொடுக்கலாம் என்கிற கட்சி. இதுவரை தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

உதவித்தொகையில் வந்த பிள்ளை என்று மற்றவர்களுக்குத் தெரியுமா?

தெரியக் கூடாது. முகாமின் பொறுப்பாளர் ஒருவருக்கு மட்டும் தெரியும், பயிற்சியாளர்களுக்குக்கூடச் சொல்வதில்லை.

இதைத் தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு வருடம் நன்கொடை கொடுத்தவர் ஆசையாக மஞ்சள் பனியன் அடித்துக் கொடுத்தார். முதுகில் அவர் தாத்தா பெயரில் "நினைவு உதவி" என்று எழுத்து. நாங்கள் அனுப்பிய பிள்ளைகளுக்கு மட்டும் அதைக் கொடுத்தோம். நல்லது செய்கிறோம் என்றே நினைத்தோம். முதல் நாள் மதியத்துக்குள் முகாமில் அவர்களுக்கு "மஞ்சள் செட்டு" என்று பெயர் விழுந்துவிட்டது. ஒரு பையன் பனியனை உள்வெளியாகத் திருப்பிப் போட்டிருந்தான். தைத்த மடிப்பெல்லாம் வெளியே தெரிய, கழுத்துப்பட்டைத் துணி மேலே எழும்பி நிற்க, மூன்று நாளும் அப்படியே இருந்தான். ஏன் என்று யாரோ கேட்டதற்கு, "இப்படிப் போட்டாத்தான் காத்து வரும்" என்றானாம்.

அன்றோடு பனியன், தொப்பி, பேனர் எல்லாம் நிறுத்தியாயிற்று. அந்த நன்கொடையாளரிடம் நடந்ததைச் சொன்னபோது அவரும் புரிந்துகொண்டார்.

நன்கொடை கொடுத்தால் பிள்ளையின் போட்டோ, நன்றிக் கடிதம் அனுப்புவீர்களா?

மாட்டோம். என்ன முகாம், எத்தனை பிள்ளைகள், எதற்கு எவ்வளவு செலவு என்று கணக்கு அனுப்புவோம். பில்லைக் கேட்டால் பில்லும் அனுப்புவோம். பிள்ளையின் பெயரும் முகமும் வீட்டுக் கதையும் எங்களோடு இருக்கும்.

முகாமில் சாப்பாடு உண்டா?

மதியச் சாப்பாடு இல்லாத முழுநாள் முகாமுக்கு அனுப்புவதில்லை. அல்லது சாப்பாட்டுக்கு நாங்கள் ஏற்பாடு செய்வோம். பள்ளிக்கூடம் மூடினால் சத்துணவும் மூடும். சின்ன வகுப்புகளுக்குக் காலை உணவும் நிற்கும். பெற்றோர் இரண்டு பேரும் வேலைக்குப் போன வீட்டில் மே மாதம் மதியம் பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்று ஒரு நாள் போய்ப் பார்த்தால் தெரியும். காலையில் அவித்து வைத்த மரச்சீனிக் கிழங்கு இருந்தால் அது நல்ல நாள்.

இடைவேளைத் தீனிதான் இதைவிடச் சிக்கலானது. ஒரு பிள்ளை டப்பாவைத் திறந்து கேக் எடுக்கும்போது இன்னொரு பிள்ளை தண்ணீர் குடிக்கிற சாக்கில் குழாயடிக்குப் போய்விடும். அதனால் நாங்கள் பிள்ளைகளை அனுப்பும் முகாம்களில் வீட்டுத் தீனி வேண்டாம், எல்லாருக்கும் ஒரே தீனி என்று பேசிக்கொள்கிறோம். பெரும்பாலும் சுண்டலும் மட்டி வாழைப்பழமும். மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து விலையும் கொஞ்சம் ஏறித்தான் கிடக்கிறது. இருந்தாலும் பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கிறது.

மதப் பிரசாரம் எதுவும் நடக்குமா?

நம் மாவட்டத்தில் இந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரத்தை நேரில் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகளைத்தான் அனுப்பச் சொல்லிக் கேட்கிறோம். நாங்கள் தேர்ந்தெடுக்கும் முகாமில் பிரார்த்தனை, பூசை, பிரசங்கம் எதுவும் கிடையாது. எந்த வழிபாட்டு இடத்தின் வளாகத்திலும் நடக்கிற முகாமாக இருக்காது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கோ வெள்ளிக்கிழமை தொழுகைக்கோ போக வேண்டிய பிள்ளையை அந்த நேரத்தில் விட்டுவிடுவார்கள். பங்குத்தந்தை, ஊர்த் தலைவர், ஜமாஅத் என்று யாரிடம் விசாரிக்க வேண்டுமோ விசாரித்துவிட்டு அனுப்புங்கள். சில ஊர்களில் அன்பியம் என்கிற பங்கு மக்கள் குழுக் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து "என் மவ போன வருசம் போனா, ஒண்ணும் பிரச்சினயில்ல" என்று சொன்ன பிறகுதான் நாலு பேர் பெயர் கொடுத்தார்கள். நான் ஒரு மணி நேரம் பேசியது அதற்கு ஈடாகவில்லை.

பெண்பிள்ளையை ராத்தங்க அனுப்பப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று யாரும் வற்புறுத்த மாட்டோம். பகல் முகாமிலிருந்து தொடங்கலாம்.

தங்கும் முகாம் என்றால் நானும் செவிலியரும் முன்கூட்டியே போய் இடத்தைப் பார்த்துவிட்டு வருவோம். நடத்துகிறவர்கள் மேடை, புரொஜெக்டர் எல்லாம் காட்டுவார்கள். நான் நேரே கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்ப்பேன். தாழ்ப்பாள் விழவில்லையென்றால் சரிசெய்த பிறகு கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். பெண்பிள்ளைகள் தூங்குகிற அறையில் பெண் பொறுப்பாளர் இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையோடும் பெரியவர் ஒருவர் தனியறையில் இருக்கக் கூடாது. பயிற்சியாளரானாலும் சரி, டாக்டரானாலும் சரி. நாப்கின் கேட்டு வாங்க வேண்டிய நிலை இல்லாமல் பையிலேயே வைத்துவிடுவோம். தினமும் சாயங்காலம் பிள்ளை வீட்டுக்குப் பேசும். அம்மா வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற நேரத்தைக் கேட்டு அதற்கேற்ப வைப்போம்.

கிளம்பும் முன் பிள்ளைகளுக்கு 1098 என்ற எண்ணை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். குழந்தைகளுக்கான உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம். ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி குற்றம். முகாமின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைக்க யாருக்கும் உரிமை கிடையாது, எங்களுக்கும் கிடையாது.

கடலில், அருவியில் குளிக்க விடுவார்களா?

கடலில் இல்லை. திற்பரப்பு போனால் காவலர் இருக்கும் இடத்தில் மட்டும், தண்ணீர் குறைவாக இருந்தால் மட்டும். மலைப் பிள்ளைகளைப் பற்றி எனக்குக் கவலை குறைவு, தண்ணீரைக் கண்டாலே ஒதுங்கி நிற்பார்கள். கடப்புறத்துப் பிள்ளைகள்தான் பயப்படவே மாட்டார்கள். அவர்களை நினைத்தால்தான் எனக்கு வயிற்றில் புளி கரைக்கும்.

எங்கள் பிள்ளை பிறந்ததே முகாமில்தான். மறுபடியும் முகாமா?

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் ஒரு தாத்தா சிரித்துக்கொண்டே இப்படிக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. சுனாமி சமயத்திலும் ஒக்கிப் புயல் சமயத்திலும் பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் படுத்துக் கிடந்த வீடுகளிலும் "முகாம்" என்றால் முகம் மாறுகிறது. அவர்களுக்கு அந்தச் சொல் வேறொன்றைத் தான் சொல்கிறது. அதனால் அந்த ஊர்களில் "கோடை வகுப்பு" என்றோ "லீவு கொண்டாட்டம்" என்றோ சொல்கிறோம். மறுவாழ்வு முகாம் பிள்ளைகளுக்கு வேறெந்த நிபந்தனையும் கிடையாது. அவர்களும் மற்றப் பிள்ளைகளைப் போலத்தான்.

சூளையிலும் கட்டட வேலையிலும் இருக்கிற வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இதே பதில். மொழி இரண்டாம் நாளுக்குள் சரியாகிவிடும், விளையாட்டு நடக்கிற முகாமாகப் பார்த்து அனுப்பினால்.

அப்பா தங்கல் (கடலிலேயே பல நாள் தங்கி மீன்பிடிக்க) போயிருக்கிறார், திரும்ப ஒரு மாதம் ஆகும். கையெழுத்துக்கு என்ன செய்வது?

அம்மா கையெழுத்து போதும். கைநாட்டும் செல்லும்.

பத்து நாள் ஆடிப்பாடிவிட்டு வந்தால் படிப்பு ஏறுமா?

மார்க் ஏறும் என்று நான் சொன்னால் அது பொய். அதற்காக அனுப்புவதும் இல்லை.

இந்த யோசனை பழையது. 1876-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்தில் வால்ட்டர் பியோன் என்ற போதகர், நெருக்கடியான நகர வீடுகளில் வாடிய 68 பிள்ளைகளை அப்பன்செல் மலைப்பகுதிக்குக் கூட்டிப்போனார். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் ஏழைக் குடியிருப்புப் பிள்ளைகளைக் கிராமத்து வீடுகளுக்கு அனுப்பும் வேலை தொடங்கியது. அவர்கள் பிள்ளைக்கு நல்ல காற்று வேண்டும் என்று நினைத்தார்கள். நம் பிள்ளைகளுக்குக் காற்றுக்கா பஞ்சம்? ஆரல்வாய்மொழியில் காற்றாலையே ஓடுகிறது. இங்கே பஞ்சம் வேறு.

கீரிப்பாறைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, 11 வயது, முட்டம் பாறையில் நின்று முதல் தடவையாகக் கடலைப் பார்த்தாள். வரைபடத்தில் பார்த்தால் அவள் வீட்டிலிருந்து கடல் ஒன்றும் தூரமில்லை. அவளோடு குளச்சல் பையன்கள் இருந்தார்கள். எது நீவாடு (நீரோட்டம்), எங்கே கல்லில் வழுக்கும் என்று அவளுக்கு ஒரே பாடம். அடுத்த நாள் ரப்பர் தோட்டம். பாலில் ஆசிட் சேர்த்து உறைய வைப்பது, மிஷினில் கொடுத்து ஷீட் அடிப்பது, புகைப்புரையில் தொங்கப்போடுவது என்று இப்போது அவள் வாத்தியார். "கையில பட்டா தேங்கா எண்ண தேய்க்கணும்" என்று சொல்லிக்கொண்டே ஒட்டிக்கொண்டதை உரித்துக் காட்டினாள். அந்தப் பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். தன் வீட்டுக் கஷ்டத் தொழில் இன்னொருவர் வியக்கிற வித்தையாக இருக்கும் என்பது அவளுக்கு அன்றுவரை தெரியாது என்று நினைக்கிறேன். இதற்கு மார்க் போடத் தெரியவில்லை.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பலாமா?

வளைகுடாவில் ஒரு ஆளாவது இல்லாத தெரு நம் மாவட்டத்தில் குறைவு, அதனால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இந்தியக் குடிமகன், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறீர்கள் என்றால், எங்கே வேலை பார்த்தாலும் உங்கள் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். அது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் என்றால், ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும். பதிவு பெற்றவர்களும் புது டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் இருக்கும் கணக்கு வழியாகத்தான் வாங்க முடியும். எங்களுக்கு அந்தப் பதிவு இல்லை. ஊரில் இருக்கும் அண்ணன் பெயரில் சுற்றி அனுப்புகிறேன் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம்.

வரி விலக்கு ரசீது?

எங்களிடம் கிடைக்காது, 80ஜி அனுமதி வாங்கவில்லை. அனுமதியுள்ள அறக்கட்டளைக்குக் கொடுப்பவர்கள் ஒன்று நினைவில் வையுங்கள்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த விலக்கு கிடைக்காது.

எப்போது பெயர் கொடுக்க வேண்டும்?

பிப்ரவரி முழுவதும். மார்ச் கடைசிக்குள் வீட்டுக்கு வந்து பேசிவிடுவோம். ஏப்ரலில் கேட்டாலும் பார்ப்போம்; கடைசி நேரத்தில் ஒன்றிரண்டு இடம் எப்போதும் காலியாகும். முன்பணம், டெபாசிட் எதுவும் யாருக்கும் கொடுக்காதீர்கள். எங்கள் பெயரைச் சொல்லி யாராவது கேட்டால் உடனே எங்களிடம் சொல்லுங்கள்.

போன வருடம் போன பிள்ளை இந்த வருடமும் போகலாமா?

புதுப் பிள்ளைகளுக்கு இடம் போக மிச்சம் இருந்தால் போகலாம். 9-ஆம் வகுப்பு தாண்டியவர்கள் உதவியாளராக வரலாம். உண்மையில் அவர்கள் வருவதைத்தான் நான் அதிகம் எதிர்பார்க்கிறேன். புதிதாக வந்து அழுகிற பிள்ளையைச் சமாளிக்க எங்களைவிட அவர்களுக்குத் தெரியும்.

சும்மா வாங்க மனசில்லை. ஏதாவது கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். பத்து ரூபாய் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறோம், யார் எவ்வளவு என்று எழுதுவதில்லை. முன்பு "வேண்டவே வேண்டாம்" என்று தடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு முகாமில் மூன்றாம் நாள் காலை, மகனைக் கொண்டுவிட வந்த ஒரு அப்பா தோளில் பெரிய சக்கை (பலாப்பழம்) ஒன்றைச் சுமந்துகொண்டு பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்தே வந்தார். சட்டை முழுக்க வியர்வை. "வீட்டு மரத்துல காய்ச்சது, வரிக்கைச் சக்க" என்றார். மதியம் திண்ணையில் பேப்பர் விரித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அவரே வெட்டினார். கட்டணம் கட்டிய பிள்ளை, கட்டாத பிள்ளை எல்லாம் சுற்றி உட்கார்ந்து சுளையை வாங்கித் தின்றார்கள். மகன் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று, யாருக்கு அடுத்த சுளை என்று கை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான்.